வட்டம் சுற்றுகிறது, படம் வரவில்லை!

இரவு மணி எட்டு. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்.

சாப்பாடு முடிந்தது. ஆச்சி திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். மகள் பீடிச் சுளகை மடியில் வைத்துக் கொண்டாள். பேரன் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்தான். குடும்பமே படம் பார்க்கத் தயார்!

படம் தொடங்கியது. பாட்டு வந்தது. கதாநாயகன் ஓடி வந்தான். அப்படியே நின்று விட்டான்! அவன் முகத்துக்கு மேல் ஒரு சிறு வட்டம். அது சுற்றியது. சுற்றியது. சுற்றிக் கொண்டே இருந்தது.

"ஏல, என்ன அது சுத்திக்கிட்டே கெடக்கு?"

"நெட்டு இல்ல, ஆச்சி."

"காசு கட்டலியா?"

"நேத்துதான கட்டுனேன்!"

"காசையும் வாங்கிட்டு, படத்தையும் நிறுத்திட்டானா? கொட்டகையில இப்படி நிறுத்தியிருந்தா, ஆளுக கூரையப் பிச்சிருப்பாங்களே!"

பேரனிடம் பதில் இல்லை. செல்போனை அணைத்து விட்டான். ஆச்சி படுக்கப் போய் விட்டாள்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. தாமிரபரணிக் கரையில் மட்டும் நடக்கும் கதையும் அல்ல. நாட்டில் உள்ள எத்தனையோ கிராமங்களில் மாலை நேரத்தில் இதே கதைதான்.

ஆச்சி கேட்டது நியாயமான கேள்வி. காசு வாங்கினால் படம் வர வேண்டும். படம் வராவிட்டால், ஏன் வரவில்லை என்றாவது சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை!

கால்வாய் கதை

இணையம் என்றால் என்ன? படம் எங்கிருந்து வருகிறது? சேரன்மகாதேவிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அவர்களுக்குக் கன்னடியன் கால்வாய் தெரியும்.

தாமிரபரணியில் அணை கட்டித் தண்ணீரைத் திருப்பி இருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் கால்வாயில் ஓடி வருகிறது. குளங்களை நிரப்புகிறது. காருக்கும் பிசானத்துக்கும் வயலில் பாய்கிறது. கால்வாயின் தொடக்கத்தில் இருப்பது தலைமடை. கடைசியில் இருப்பது கடைமடை. தலைமடைக்காரனுக்குக் கவலை இல்லை. அவன் மடையைத் திறந்தால் தண்ணீர் வரும். கடைமடைக்காரன் பாடுதான் திண்டாட்டம். மேலே உள்ளவர்கள் எல்லாரும் பாய்ச்சி முடித்த பிறகு மிச்சம் இருந்தால்தான் அவனுக்கு.

இணையமும் ஒரு கால்வாய்தான்!

படங்கள் எல்லாம் பெரிய நகரங்களில் உள்ள கம்ப்யூட்டர்களில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவைதான் அணை. அங்கிருந்து கண்ணாடி இழைக் கம்பிகள் புறப்படுகின்றன. தலைமுடி போல் மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள் ஒளி ஓடுகிறது. அந்த ஒளிதான் படத்தையும் பாட்டையும் சுமந்து வருகிறது. இதுதான் பெரிய கால்வாய்.

கம்பி ஊர்ப் பக்கம் வருகிறது. அங்கே செல்போன் கோபுரம் நிற்கிறது. அது மடை. கோபுரத்தில் இருந்து வீட்டில் உள்ள செல்போனுக்குக் காற்று வழியாகச் செய்தி வருகிறது. அது வயல் வாய்க்கால்.

பட்டணத்து வீடு தலைமடை. அங்கே கண்ணாடி இழைக் கம்பி வீட்டுக்கு உள்ளேயே வந்து விட்டது. கிராமத்து வீடு கடைமடை. அங்கே கோபுரத்தையே நம்பி இருக்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு வேண்டும்?

ஒரு படம் பார்க்க எவ்வளவு இணையம் வேண்டும்? கணக்குப் பார்க்கலாம்.

தண்ணீரை லிட்டரில் அளப்பது போல, இணையத்தை "ஜி.பி." என்று அளக்கிறார்கள். ஓரளவு தெளிவாகப் படம் பார்க்க மணிக்கு ஒரு ஜி.பி. வரை செலவாகும். பெரிய திரையில் மிகத் தெளிவாகப் பார்க்க மணிக்கு மூன்று ஜி.பி. வரை செலவாகும். சின்னத் திரையில் மங்கலாகப் பார்த்தால் குறைவாகச் செலவாகும்.

கிராமத்து வீடுகளில் பலரும் வாங்குவது, தினம் ஒன்றரை ஜி.பி. அல்லது இரண்டு ஜி.பி. தரும் திட்டம். தமிழ்ப் படம் இரண்டரை மணி நேரம் ஓடும். மணிக்கு ஒரு ஜி.பி. வீதம் ஒன்றரை ஜி.பி. எவ்வளவு நேரம் வரும்? ஒன்றரை மணி நேரம்! இடைவேளை முடிந்து கால் மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்து விடும். வில்லன் பிடிபட்டானா, கல்யாணம் நடந்ததா என்பது மறுநாள்தான் தெரியும்!

தீர்ந்த பிறகு என்ன ஆகும்? இணையம் அடியோடு நிற்காது. வேகம் மட்டும் குறைந்து விடும். பல திட்டங்களில் அது 64 கிலோபிட் வேகமாக இறங்குகிறது. அந்த வேகத்தில் ஒரு ஜி.பி. வந்து சேரச் சுமார் 35 மணி நேரம் ஆகும். அதாவது, ஒன்றரை நாள்! இதை "அளவில்லா இணையம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாயைக் காட்டி, "அளவில்லாத் தண்ணீர்" என்று சொல்வது போல் இருக்கிறது இது.

இன்னொரு கணக்கும் உண்டு. மாதம் என்றால் 30 நாள். ஆனால், பல திட்டங்கள் 28 நாளில் முடிந்து விடும். வருஷத்துக்கு 12 மாதம். இந்தக் கணக்கில் 13 தடவை காசு கட்ட வேண்டும்! மாதச் சம்பளக்காரருக்கு இது பெரிதாகத் தெரியாது. பீடி சுற்றி வாரக் கூலி வாங்கும் குடும்பத்துக்கும், பத்தமடையில் பாய் நெய்யும் குடும்பத்துக்கும் அந்த 13-வது கட்டணம் உறுத்தும்.

மாலையில் மட்டும் ஏன்?

அதிகாலை ஐந்து மணிக்குப் படம் போட்டால் வழுக்கிக் கொண்டு ஓடுகிறது. இரவு எட்டு மணிக்குப் போட்டால் வட்டம் சுற்றுகிறது. ஏன்?

முதல் காரணம், பங்கீடு. ஒரு கோபுரத்தில் இருந்து வரும் இணையம் ஒருவருக்கு மட்டும் அல்ல. சுற்றி உள்ள எல்லாச் செல்போன்களும் அதைப் பங்கு போட்டுக் கொள்கின்றன. பகலில் ஜனங்கள் வயலில் இருக்கிறார்கள், வேலையில் இருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு எல்லாரும் வீட்டில். எல்லாரும் ஒரே நேரத்தில் மடையைத் திறக்கிறார்கள். யாருக்கும் போதுமான அளவு வருவதில்லை.

இரண்டாவது காரணம், தூரம். செல்போன் அலைகளில் பல வகை உண்டு. ஒரு வகை நெடுந்தூரம் போகும். ஆனால், குறைந்த பாரமே சுமக்கும். இன்னொரு வகை நிறையச் சுமக்கும். ஆனால், கொஞ்ச தூரத்தில் நின்று விடும். கிராமத்தில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஆகையால், நெடுந்தூரம் போகும் அலையையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. போதாததற்கு மேற்கே மலை. அலை மலையைத் துளைத்துப் போகாது. கல் சுவர் கட்டிய வீட்டுக்கு உள்ளேயும் அது மெலிந்துதான் வரும்.

மூன்றாவது காரணம், கோபுரத்துக்கே போதுமான கம்பி இல்லாமை. பட்டணத்துக் கோபுரத்துக்குக் கண்ணாடி இழைக் கம்பி வருகிறது. கிராமத்துக் கோபுரங்கள் பலவற்றுக்கு அது வருவதில்லை. ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்துக்குக் காற்று வழியாகவே செய்தியைத் தள்ளி விடுகிறது. மடை எவ்வளவு அகலமாக இருந்து என்ன? கால்வாய் குறுகல் என்றால் தண்ணீர் எப்படி வரும்?

நான்காவது காரணம், மின்சாரமும் மழையும். மின்சாரம் நின்றால் கோபுரம் பாட்டரியில் ஓடும். பாட்டரி தீர்ந்தால் கோபுரம் ஊமையாகி விடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி ஜில்லாக்களில் பெய்த பேய் மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரெயில் நின்று விட்டது. அந்த நாட்களில் பல ஊர்களில் செல்போன் பேசவில்லை. படம் பார்ப்பது கிடக்கட்டும். "உயிரோடு இருக்கிறோம்" என்று சொல்லக் கூட வழி இல்லாமல் ஜனங்கள் தவித்தார்கள்.

சேரன்மகாதேவியில் மிளகுப் பிள்ளையார் இருக்கிறார். மழை இல்லாத காலத்தில் அவர் மேல் மிளகை அரைத்துப் பூசி அபிஷேகம் செய்து, அந்தத் தண்ணீரைக் கால்வாயில் விட்டால் மழை பெய்யும் என்பது ஊர் நம்பிக்கை. இணையம் வருவதற்கு அப்படி ஒரு பிள்ளையார் இல்லை. அது மனிதர்கள் செய்ய வேண்டிய வேலை!

படம் இல்லாவிட்டால் என்ன?

"படம் பார்க்காவிட்டால் குடியா முழுகி விடும்? செல்போனால் பிள்ளைகள் கெடுவதுதான் மிச்சம். இணையம் மெதுவாக வருவதே நல்லது!" என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பிள்ளைகள் செல்போனே கதி என்று கிடப்பது நல்லது அல்ல. அதில் சந்தேகம் இல்லை. ஆனால், அதைத் திருத்த வேண்டியவர்கள் பெற்றோர்கள். கெட்ட இணையம் நல்ல பிள்ளையை வளர்க்காது. பட்டணத்துப் பிள்ளைகளைத் திருத்துவதற்காகப் பட்டணத்துக் கம்பியை யாரும் அறுக்கவில்லையே!

உழைத்துக் களைத்தவனுக்குப் பொழுதுபோக்கு வேண்டும். இதை முன் காலத்துச் சர்க்கார்களே ஒப்புக் கொண்டன. பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து ரேடியோப் பெட்டி வைத்தார்கள். மாலையில் ஜனங்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து பாட்டும் செய்தியும் கேட்டார்கள். 1963 டிசம்பர் 1-ந் தேதி திருநெல்வேலியிலேயே வானொலி நிலையம் வந்தது. 1975-ல் சென்னையில் டெலிவிஷன் நிலையம் வந்தது. 2006-ல் தமிழ்நாடு சர்க்கார் வீடு வீடாக இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுக்கத் தொடங்கியது. 2011-ல் அரசு கேபிள் மூலம் மாதம் 70 ரூபாய்க்குத் தொலைக்காட்சி கொடுத்தது.

"கிராமத்தானுக்கு எதற்குப் பாட்டு?" என்று அன்று கேட்டிருந்தால் இவற்றில் எதுவும் வந்திருக்காது.

இன்று சினிமா இடம் மாறி விட்டது. கீற்றுக் கொட்டகைகள் மறைந்து விட்டன. 2020-ல் கொரோனா வந்தபோது "பொன்மகள் வந்தாள்" கொட்டகைக்கு வராமல் நேராக இணையத்தில் வெளிவந்தது. அதே ஆண்டில் "சூரரைப் போற்று" அப்படியே வந்தது. 2021-ல் "ஜெய் பீம்" வந்தது. கொட்டகைக்கு வரும் படங்களும் சில வாரங்களில் இணையத்துக்கு வந்து விடுகின்றன.

2024-ல் "வாழை" என்று ஒரு படம் வந்தது. மாரி செல்வராஜ் எடுத்த படம். தாமிரபரணிக் கரையில் வாழைத்தார் சுமக்கும் பிள்ளைகளின் கதை. இந்த மண்ணின் கதை! சென்னையில் மாடி வீட்டில் இருப்பவர் அதைத் தங்கு தடை இல்லாமல் பார்க்கலாம். தார் சுமந்து விட்டு வீடு திரும்பியவர் பார்க்க நினைத்தால் வட்டம் சுற்றுகிறது. இது நியாயமா?

இன்னும் ஒன்று. படம் ஓடும் பாதையில்தான் பாடமும் ஓடுகிறது! 2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. பிள்ளைகள் செல்போனில் பாடம் படித்தார்கள். பட்டணத்தில் வாத்தியார் முகம் தெரிந்தது. கிராமத்தில் வட்டம் தெரிந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண், வெளியூர் டாக்டரிடம் முகம் பார்த்துப் பேசும் நோயாளி, துபாயில் உள்ள மகனைப் பார்க்கத் துடிக்கும் தாய் — எல்லாருக்கும் அதே பாதைதான். படத்துக்குப் போதாத இணையம் இவர்களுக்கும் போதாது. ஆகையால், வட்டம் சுற்றுவது சினிமாச் சங்கதி மட்டும் அல்ல.

பணக்கார நாட்டிலும் இதே கதை

இந்தக் கஷ்டம் இந்தியாவுக்கு மட்டும் வந்தது என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியா பணக்கார நாடு. ஆனால், பரந்த நாடு. அங்கே உள்நாட்டில் ஒரு பண்ணை வீட்டுக்கும் அடுத்த பண்ணை வீட்டுக்கும் நடுவே பல மைல் தூரம் இருக்கும்.

கம்பி போட முடியாத அந்த வீடுகளுக்காக அந்த நாட்டுச் சர்க்கார் கம்பெனி 2015-லும் 2016-லும் இரண்டு செயற்கைக் கோள்களை ஆகாயத்துக்கு அனுப்பியது. பூமியில் இருந்து சுமார் 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் அவை நிற்கின்றன. அதே 2015-ல்தான் இணையத்தில் படம் காட்டும் பெரிய கம்பெனியான நெட்பிளிக்ஸ் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது.

என்ன நடந்தது? பட்டணத்தார் விடிய விடியப் படம் பார்த்தார்கள். பண்ணைக்காரர்களுக்கு மாதம் இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்தார்கள். பகலுக்கு ஓர் அளவு. நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் காலை ஏழு மணி வரைக்கும் தனி அளவு! ஆடு மேய்ப்பவன் அலாரம் வைத்து எழுந்து படத்தை இறக்கி வைக்க வேண்டியிருந்தது. பிறகுதான் அந்தக் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன.

ஆனால், ஆஸ்திரேலியா ஒரு நல்ல காரியம் செய்தது. 2020 ஜூலை 1-ந் தேதி முதல் ஒரு சட்டம் அங்கே அமலுக்கு வந்தது. கேட்கும் வீட்டுக்குக் குறைந்தது 25 மெகாபிட் வேகம் தரும் இணைப்பைக் கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம்.

நம் நாட்டில் என்ன? "அகன்ற அலைவரிசை" — அதாவது, "பிராட்பேண்ட்" — என்று சொல்லிக் கொள்ள வேண்டுமானால், வேகம் குறைந்தது 2 மெகாபிட் இருக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய சர்க்கார் விதி செய்தது. அதற்கு முன்பு அரை மெகாபிட் இருந்தாலே போதும் என்று இருந்தது.

நெட்பிளிக்ஸ் என்ன சொல்கிறது? ஓரளவு தெளிவாகப் படம் பார்க்க 3 மெகாபிட் வேண்டும் என்கிறது. விதி கேட்பது 2. படம் கேட்பது 3. அப்புறம் வட்டம் சுற்றாமல் என்ன செய்யும்?

சர்க்கார் என்ன செய்தது?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது தவறு.

2011-ல் மத்திய சர்க்கார் ஒரு பெரிய திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. ஊராட்சி தோறும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டு போவது அந்தத் திட்டம். பின்னால் அதற்குப் "பாரத்நெட்" என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்காக 2018-ல் ஒரு சர்க்கார் நிறுவனம் தொடங்கப்பட்டது. 12 ஆயிரத்து 525 ஊராட்சிகளுக்குக் கம்பி போடுவது அதன் பொறுப்பு. 2023 ஆகஸ்டில் பாரத்நெட்டுக்காக மேலும் 1 லட்சத்து 39 ஆயிரத்து 579 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய மந்திரிசபை ஏற்றுக் கொண்டது.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? இதற்கென்று ஒரு நிதி இருக்கிறது. 2002-ல் ஏற்பட்ட நிதி. டெலிபோன் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு 5 ரூபாய் அந்த நிதிக்குக் கொடுக்க வேண்டும். கம்பெனிக்கு வருமானம் யார் கொடுப்பது? ஜனங்கள்! ஆச்சியின் பேரன் கட்டும் பணத்திலும் ஒரு பங்கு அந்த நிதிக்குப் போகிறது. ஆகையால், கிராமத்துக்கு இணையம் கேட்பது பிச்சை கேட்பது அல்ல. கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது!

கம்பி ஊராட்சி அலுவலகம் வரைக்கும் வந்தால் போதுமா? போதாது. வீட்டுக்கு வர வேண்டும். பெரிய கால்வாயை வெட்டி விட்டு, வயல் வாய்க்காலை வெட்டாமல் விட்டால் நெல் விளையுமா?

மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். அங்கே 2023 ஜூனில் "கே-போன்" என்ற சர்க்கார் இணையத்தைத் தொடங்கினார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று அறிவித்தார்கள். வேலை மெதுவாக நடக்கிறது என்று அங்கேயும் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும், "வீடு வரைக்கும் கொண்டு போவோம்" என்று சொன்னார்களே, அது முக்கியம்.

கம்பெனிகளின் வாதம்

டெலிபோன் கம்பெனிகளும் ஒரு வாதம் சொல்கின்றன. "கிராமத்தில் கோபுரம் கட்டச் செலவு அதிகம். ஆள் குறைவு. வரும்படி குறைவு. அதே பணத்தைப் பட்டணத்தில் போட்டால் பத்து மடங்கு ஆட்கள் சேருவார்கள்" என்கின்றன.

இதில் உண்மை இருக்கிறது. இன்னோர் உண்மையையும் சொல்ல வேண்டும். 2014-ல் ஒரு ஜி.பி. 250 ரூபாய்க்கு மேல் விற்றது. இன்று சுமார் 10 ரூபாய்க்குக் கிடைக்கிறது. உலகத்திலேயே இணையம் மலிவாகக் கிடைக்கும் நாடுகளில் இந்தியா ஒன்று. ஏழையின் கையில் இணையம் வந்ததற்கு அந்த மலிவுதான் காரணம்.

ஆனால், விலை ஒன்று, சரக்கு வேறு! பட்டணத்துக்கு ஒரு கட்டணம், கிராமத்துக்கு ஒரு கட்டணம் என்று கம்பெனிகள் வாங்குவது இல்லை. இருவரிடமும் ஒரே ரூபாய் வாங்குகிறார்கள். அப்படியானால், இருவருக்கும் ஒரே சரக்கு கொடுக்க வேண்டாமா? ரேஷன் கடையில் ஒருவனுக்கு முழுப் படி, இன்னொருவனுக்கு அரைப் படி அளந்தால் ஊர் சும்மா இருக்குமா?

செய்ய வேண்டியவை

இதற்கு வழி இல்லாமல் இல்லை.

முதலாவது: ஊராட்சி அலுவலகத்துக்கு வரும் கம்பி வீடு வரைக்கும் போக வேண்டும். அதற்கு ஆள் தேட வேண்டியது இல்லை. ஊர் தோறும் கேபிள் டி.வி. நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தெருவில் எந்தக் கம்பம், எந்த வீட்டில் எந்தச் சுவர் என்பது அவர்களுக்கு அத்துப்படி. தொலைக்காட்சிக் கம்பி போட்ட கையே இணையக் கம்பியும் போடலாம். ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கும்.

இரண்டாவது: விதியை உயர்த்த வேண்டும். 2 மெகாபிட் இன்றைக்குப் போதாது. ஒரு வீட்டில் ஒருவர் படம் பார்க்கவும், ஒருவர் பாடம் படிக்கவும் போதுமான வேகம்தான் குறைந்த அளவாக இருக்க வேண்டும்.

மூன்றாவது: அளந்து சொல்ல வேண்டும். எந்த ஊரில் சிக்னல் உண்டு என்று கம்பெனிகள் படம் போட்டுக் காட்டுகின்றன. சிக்னல் இருந்தால் போதுமா? இரவு எட்டு மணிக்கு என்ன வேகம் வருகிறது? அதை ஊர் வாரியாக அளந்து, பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட வேண்டும். ஊரார் பார்த்தால் கம்பெனிக்கும் பயம் வரும்.

நான்காவது: பழைய பஞ்சாயத்து ரேடியோவுக்கு மறு உயிர் கொடுக்கலாம். நூலகத்திலோ ஊராட்சிக் கட்டடத்திலோ ஒரு நல்ல இணைப்பு. ஒரு பெரிய திரை. பகலில் பிள்ளைகள் படிக்கட்டும். மாலையில் ஊரார் உட்கார்ந்து நல்ல படம் பார்க்கட்டும்.

ஐந்தாவது: மழைக் காலத்துக்கு முன்பே கோபுரங்களின் பாட்டரியையும் கம்பியையும் சோதிக்க வேண்டும். 2023 வெள்ளம் சொல்லிக் கொடுத்த பாடம் இது.

அதுவரை...

இவை எல்லாம் நடக்க நாளாகும். அதுவரை வாசகர்கள் சில காரியங்கள் செய்யலாம்.

பெரும்பாலான படக் கம்பெனிகள், படத்தைச் செல்போனில் இறக்கி வைக்க வசதி கொடுக்கின்றன. அதிகாலையில் கூட்டம் குறைவு. அப்போது இறக்கி வைத்தால் இரவில் வட்டம் சுற்றாமல் பார்க்கலாம். படத்தின் தெளிவை ஒரு படி குறைத்து வைத்தால் இணையமும் மிச்சம் ஆகும். செய்தியும் பாட்டும் போதும் என்பவர்களுக்கு ரேடியோவும், மாதச் சந்தா இல்லாத தூர்தர்ஷன் இலவச "டிஷ்"சும் இருக்கின்றன.

புகார் செய்யவும் தயங்க வேண்டாம். முதலில் கம்பெனியிடம் புகார் சொல்லி, புகார் எண் வாங்க வேண்டும். அதில் தீராவிட்டால் அந்தக் கம்பெனியிலேயே உள்ள மேல் முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கேட்காதவனுக்குக் கிடைக்காது. ஒருவர் கேட்பதை விட ஊரே சேர்ந்து கேட்பது நல்லது.

ஒரே பந்தி

சேரன்மகாதேவியின் பெயர் தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் இருக்கிறது. வ.வே.சு. ஐயர் அங்கே குருகுலம் நடத்தினார். அங்கே பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. செய்தி வெளியே வந்தது. தமிழ்நாடே கொதித்து எழுந்தது. பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். "பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப் பந்தி ஏன்?" என்பதுதான் அன்று எழுந்த கேள்வி.

அது சாதிக் கொடுமை. அதையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும், அன்று அந்த மண்ணில் எழுந்த கேள்வி இன்றைக்கும் பொருந்துகிறது. ஜனங்கள் பணத்தில் நிதி சேருகிறது. அந்த நிதியில் கம்பி போடப்படுகிறது. அப்புறம் பட்டணத்துக்கு ஒரு பந்தி, கிராமத்துக்கு ஒரு பந்தி ஏன்?

ஆச்சி பெரிய சொத்து ஒன்றும் கேட்கவில்லை. நாள் முழுவதும் உழைத்த பிறகு, பேரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு படத்தை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறாள். அதற்குக் காசும் கொடுத்து விட்டாள்.

வட்டம் நிற்க வேண்டும். படம் ஓட வேண்டும். கடைமடைக்கும் தண்ணீர் வர வேண்டும்!